வேண்டாம் என்ற செயலாளர்

சூரிச்சின் ஆல்ட்ஸ்டெட்டனில் குடியிருக்கும் தவராஜாவுக்கு இரண்டு சங்கங்களில் அங்கத்துவம் உண்டு. ஒன்று அவருடைய ஊர் ஒன்றியம். அதைத் தமிழ்ச்சனம் எல்லாம் அறியும். மற்றது கஞ்சாச் சங்கம். அதை அவருடைய மனைவி திரேசா மட்டுமே அறிவார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கஞ்சாச் சங்கம் என்றதும் இருட்டறையும் சிவந்த கண்களும் மனதில் ஓடினால் அந்தப் படத்தை நிறுத்திவிடலாம். பழைய தையற்கூடம் ஒன்றின் முதலாம் மாடியில் வெளிச்சமான ஓர் அறை. நாலைந்து சோபா, ஒரு கோப்பி இயந்திரம், துண்டுகள் குறைந்த புதிர்ப் படப் பெட்டிகள். ஓய்வுபெற்ற ஆசிரியை, பூக்கடைக்காரர், கணினி நிறுவனத்துப் பையன்கள் என்று வருவார்கள். மதுபானம் கிடையாது. உரத்த பாட்டு கிடையாது. நம்முடைய கலியாண மண்டபங்களில் வாகனத் தரிப்பிடத்தில் நடக்கிற கூத்தில் கால்வாசிகூட அங்கே நடப்பதில்லை.

இதை நகரம் ஓர் ஆய்வாக நடத்துகிறது. தடைசெய்து துரத்துவதைவிட, ஒழுங்கு விதிகளோடு கையில் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். சிலருக்கு மருந்துக்கடையில் கொடுக்கிறார்கள், சிலருக்கு இப்படிச் சங்கங்களில்.

சேருவதற்கான விதிகளை முதன்முதலில் வாசித்தபோது தவராஜா சிரித்துவிட்டார். நகர எல்லைக்குள் பதிவாகி வசிக்க வேண்டும். வயது வந்தவராக இருக்க வேண்டும். பஸ், டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு இடமில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே பாவிக்கிறவராக இருக்க வேண்டும். புதிதாகப் பழகிப் பார்க்க வருகிறவருக்குக் கதவு பூட்டு. உலகத்தில் எந்தச் சங்கமும் ‘நீ முன்பே தப்புச் செய்தவன்தானா’ என்று உறுதிப்படுத்திவிட்டு உள்ளே விட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. அதற்குச் சிறுநீர் வேறு கொடுக்கச் சொன்னார்கள். அகதி விண்ணப்ப காலத்துப் பழக்கத்தில், கேட்டதற்கு மேலாக, வேலைத்தல நற்சான்றிதழையும் பிரதியெடுத்துக் கொண்டுபோயிருந்தார். அதை அவர்கள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவர் பாவிப்பவர்தான். முதியோர் இல்லமொன்றின் குசினியில் சட்டி கழுவத் தொடங்கிய இளம் வயதில், அங்கிருந்த போர்த்துக்கேயச் சமையல்காரர் வேலை முடிந்ததும் ஒரு சுருட்டைப் பாதி குடித்துவிட்டு நீட்டினார். அன்று பிடித்த பழக்கம். அது மருந்துமில்லை, அமிர்தமுமில்லை. குசினிச் சத்தம் தலைக்குள் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை அது சுருக்கிக் கொடுத்தது. திரேசாவுக்கு இழுப்பு, புகை பட்டால் மூச்சுத் திணறும். ஆகவே வீட்டுக்குள் முடியாது. பல்கனியில் நின்றால் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் மூக்கு மேலே வரும். பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் திருடனைப்போல ஒளிந்து குடித்தார். ஒருமுறை தெருவில் வாங்கிய சாமானில் ஏதோ இரசாயனம் தெளித்திருந்தது. நெஞ்சு படபடக்கப் பூங்கா வாங்கிலில் கிடந்து, மாதாவைக் கூப்பிட்டு, இனித் தெருவில் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தார். அதற்குப் பிறகுதான் இந்தச் சங்கம்.

முதல் நாளே சோதனை வந்தது. அங்கத்துவ அட்டையை நீட்டினால், மேசைக்குப் பின்னால் இருந்தது தமிழ்ப் பிள்ளை. பிரபாலினி என்று சட்டையில் பெயர். மருந்துக்கடை வேலை படித்தவள், இங்கே சங்கத்தின் ஊழியர். தவராஜாவுக்குக் கால் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது.

“அங்கிள், போகாதேங்கோ,” என்றாள் அவள் அமைதியாக. “இஞ்சை ஆர் வாறது எண்டு நான் வெளியில கதைக்கக் கூடாது. கதைச்சா என்ர வேலை போயிடும். அதோட, நான் இஞ்சை வேலை செய்யிறது அம்மாக்கும் தெரியாது. பாமசி எண்டுதான் சொல்லியிருக்கிறன்.”

“அப்ப ரெண்டு பேரும் ஒரு தோணியிலதான் நிக்கிறம்,” என்றார் தவராஜா.

அந்த ஒப்பந்தம் பிசகவேயில்லை. பிறகொரு நாள் சாமத்தியச் சடங்கொன்றில் யாரோ இருவரையும் அறிமுகப்படுத்தியபோது, “அப்பிடியோ, சந்திச்சதில சந்தோசம்,” என்று இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிரபாலினிதான் அவருக்கு உள்விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். மாதத்துக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் அட்டை இடம் கொடாது. வாங்கியதை விற்கவும் கூடாது, இன்னொருவருக்குச் சும்மா கொடுக்கவும் கூடாது. விருந்தாளியைக் கூட்டிவரக் கூடாது. தெருவில், பூங்காவில் குடிக்கக் கூடாது. ஆய்வுக்காரர் இடைக்கிடை அனுப்பும் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். சங்கத்துக்கு இலாபமோ விளம்பரமோ கூடாது, ஆகவே வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை.

இவற்றில் தவராஜாவுக்குக் கடினமாக இருந்தது ஒன்றே ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் தான்மட்டும் குடிப்பது. விக்கலெடுத்தால்கூடப் பக்கத்து ஆளுக்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு வளர்ந்த மனிதர். அதற்கு ஈடாக, சனிக்கிழமைகளில் மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனார். ரோல்ஸைப் பகிரக் கூடாதென்று எந்த விதியும் சொல்லவில்லை.

அந்த அறை அவருக்கு நாளடைவில் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று அவரே அறியவில்லை. ஊர் ஒன்றியத்தில் அவர் செயலாளர், மாதா கோயிலில் பாடகர் குழுவின் பொறுப்பாளர், வீட்டில் தகப்பன். அந்தச் சோபாவில் மட்டும் அவர் ஒன்றுமாக இருக்கத் தேவையில்லை. நடுவயது ஆள் ஒருவர் புதிர்ப் படம் பொருத்துகிறார், அவ்வளவுதான். யன்னலால் ட்ராம் போவது தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் பேயாட் என்பவர் வின்டர்தூருக்கு வீடு மாறினார். பேயாட் சங்கத்தின் செயலாளர். நகரத்தை விட்டுப் போனால் அங்கத்துவம் போய்விடும் என்பது விதி. அங்கத்துவம் போனால் பதவியும் போகும். தலைவர், பொருளாளர், செயலாளர் என மூவர் இல்லாமல் சங்கம் நடக்கவும் முடியாது. சங்கத்தின் யாப்பு விதி அப்படி. நகரத்தோடு செய்த ஒப்பந்தமும் அப்படி. செயலாளர் இல்லாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு அங்கத்தவர்களை மருந்துக்கடைகளுக்குப் பிரித்து விடுவார்கள். சாமான் கிடைக்கும். இருந்து குடிக்க இடம்? மற்றவர்களுக்கு வீடு இருந்தது. தவராஜாவுக்கு மறுபடியும் ஆற்றங்கரைதான், அதுவும் விதியை மீறி.

வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடியது. தலைவர் ரெகுலா, ஓய்வுபெற்ற ஆசிரியை, கட்டை வெள்ளை முடி, குரலில் இன்னும் வகுப்பறை. செயலாளர் தெரிவு வந்ததும் அவர் நேராகத் தவராஜாவைப் பார்த்தார்.

“திரு தவராஜா தன்னுடைய ஊர்ச் சங்கத்துக்குப் பல வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறார் என்று சொல்லியிருக்கிறார். இந்த வேலை தெரிந்தவர் அவர்தான். நான் அவரை முன்மொழிகிறேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தவராஜாவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. அறையும் நிலைக்கும், செயலாளர் வேலையும் அவருக்குக் கைவந்த கலை. எழுந்து நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே ஆட்டிச் சொன்னார்: “இல்லை இல்லை. எனக்கு வேண்டாம். என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.”

இதில் பிழையே இல்லை. ஊர் ஒன்றியத்தில் வருடாவருடம் இதுதான் நடைமுறை. ஒருவர் முன்மொழிவார். தவராஜா, “எனக்கு வேண்டாம், இளம் ஆக்கள் வரட்டும்,” என்பார். இன்னொருவர், “நீங்கள்தான் அண்ணை வேணும்,” என்பார். தவராஜா நேரமில்லை என்பார். பிறகு சபை முழுவதும் கைதட்டும். அவர் கும்பிட்டபடி எழும்புவார். ‘சபையின் வற்புறுத்தலுக்கு இணங்கப் பதவியை ஏற்றுக்கொண்டார்’ என்று கூட்டக் குறிப்பில் தன் கையாலேயே எழுதுவார். கேட்டவுடன் ஓம் என்பவன் பதவி ஆசை பிடித்தவன். பந்தியில்கூட இலைமேல் கையை வைத்து மறைத்தால்தானே இன்னொரு கரண்டி விழும்.

ரெகுலா தலையசைத்தார். “வருத்தம்தான். ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறோம். வேறு யாராவது?”

தவராஜா நின்றபடியே நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

வேறு யாரும் முன்வரவில்லை. இளையவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் விசேட கூட்டம், அப்போதும் ஆள் கிடைக்காவிட்டால் சங்கத்தை மூடுவதென்று தீர்மானமாயிற்று. கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது தவராஜா ரெகுலாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். தனியாக ஒருக்கால் கேட்பார் என்று எதிர்பார்த்தார். ரெகுலா ரோல்ஸ் நன்றாக இருப்பதாகச் சொன்னார், காரம் என்ன போட்டீர்கள் என்று விசாரித்தார். செயலாளரைப் பற்றி மூச்சில்லை. கடைசி ஆளாகக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் தவராஜா வெளிக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் திரேசா, “தேத்தண்ணி போடவோ?” என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் தவராஜா. திரேசா கேத்திலைப் போட்டார். அது அந்த வீட்டின் வழக்கம்.

திரேசாவும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் ஒன்றும் வேண்டாம். புது மேலங்கி வேண்டாம், விடுமுறைக்கு எங்கும் போக வேண்டாம். தவராஜா நண்பர்களிடம், “எனக்கு வாய்ச்ச மனிசிக்கு ஒரு ஆசையுமில்லை, நான் குடுத்து வைச்சவன்,” என்று பெருமையாகச் சொல்வதுண்டு.

தேநீரைக் குடித்தபடி நடந்ததைச் சொன்னார். திரேசா முதலில் சிரித்தார், சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

“என்ன சிரிப்பு? ஒருக்காத்தான் கேட்டவங்கள். ஒரு மரியாதைக்காவது இன்னொருக்காக் கேக்க வேண்டாமோ? நான் வெளியாள் எண்டபடியால்தான்.”

“குசினி செஃப் வேலைக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

தவராஜா கோப்பையை வைத்தார். அது பழைய புண். முதியோர் இல்லத்துக் குசினிக்குத் தலைமை தேவைப்பட்டபோது, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அவருக்கு மேலே வைத்தார்கள். கறுப்பன் என்றபடியால் தரவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் ஒன்றியத்தில் பலபேர் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

“உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டுக் கேட்டவங்கள்,” என்றார் திரேசா. “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ‘ஐயோ, நான் எங்கே, வேறு நல்ல ஆளைப் பாருங்கள்’ என்றார். மேலாளர் அவருடைய நேர்மைக்கு நன்றி சொன்னார். அதைத் தவராஜா ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த நாட்டில் நிறம் பார்க்கிறவர்கள் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. அவரும் அனுபவித்தவர்தான். ஆனால் அந்த ஒரு கதவை அவரே சாத்தியிருந்தார். அன்றிரவு முழுக்க அவருக்குக் கோபம், திரேசா மேல் பாதி, தன்மேல் பாதி.

நம்மவர் நேராகக் கேட்கமாட்டார்கள், உரியவர் காதில் போடுவார்கள். அடுத்த கிழமை தவராஜா பிரபாலினியிடம் போனார்.

“ரெகுலா ஆக்கள் இன்னும் ஆள் தேடீனமோ, பிள்ளை?”

“ஓம் அங்கிள். ஒருத்தரும் வரேல்லை.”

“பாவங்கள். அனுபவம் உள்ள ஆராவது செய்தா நல்லது. ஆரும் கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டா, சிலவேளை சில பேர் ஓமெண்டுவினம்.”

பிரபாலினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இங்கே பிறந்தவள்தான், ஆனால் தமிழ் வீட்டில் பிறந்தவள்.

“அங்கிள், உங்களுக்கு விருப்பமோ?”

“சேச்சே. நான் பொதுவாச் சொன்னனான்.”

“நீங்கள் வேண்டாம் எண்டது குறிப்பில எழுதியிருக்கு. நான் இஞ்சை சம்பளத்துக்கு நிக்கிறவள். அங்கத்தவர் விசயத்தில வாய் வைக்கக் கூடாது, வாக்கும் இல்லை. நான் போய் உங்களுக்காகக் கதைக்க ஏலாது.” பிறகு கொஞ்சம் இறங்கி, “ஆனா உண்மையா அவைக்கு விளங்காது. நீங்கள் வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு.”

தவராஜா சோபாவில் போய் இருந்தார். வாயைத் திறந்து எனக்கு வேண்டும் என்று கேட்பது. யோசிக்கவே காது சூடாகியது. சாப்பாடு கேட்பதற்கும் அதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் அழுகிற பிள்ளையை நம்முடைய வீடுகளில் யாரும் மெச்சியதில்லை.

விசேட கூட்டத்தன்று மழை. வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள், கடைசியாக ஒருமுறை அறையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களைப்போல. யாரோ புதிர்ப் படப் பெட்டிகளை அடுக்கிக் கட்டியும் வைத்திருந்தார்கள்.

ரெகுலா கேட்டார்: “செயலாளர் பதவிக்கு யாராவது?”

யாரும் அசையவில்லை. ரெகுலா கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த வசனம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தவராஜாவின் கை மேலே போனது.

“கேள்வியா, திரு தவராஜா?”

“கேள்வி இல்லை. நான் செய்கிறேன். எனக்கு விருப்பம்.”

“போன முறை வேண்டாம் என்றீர்களே?”

ஜேர்மன் மொழியில் இதை எப்படிச் சொல்வதென்று அவர் ஒரு கணம் தேடினார். “எங்களுடைய ஆட்கள் முதல்முறை வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள். அது மரியாதை. நீங்கள் இரண்டாம்முறை கேட்டிருக்க வேண்டும். நான் கோப்பி குடிக்கும்போதும் காத்திருந்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார். ரெகுலா சிரிக்கவில்லை. “எனக்கு மறுபடி கேட்க ஆசையாகத்தான் இருந்தது,” என்றார். “வேண்டாம் என்றவரை மறுபடி கேட்டால் நெருக்குவது போலாகுமே என்று விட்டேன். எங்களுக்கு அதுதான் மரியாதை.”

கைகள் உயர்ந்தன, எல்லாக் கைகளும். ஆனால் சடங்கு முடியவில்லை. இந்த நாட்டுச் சங்கங்களில் தெரிவானவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள். ரெகுலா எழுந்து நின்று கேட்டார்: “திரு தவராஜா, இந்தத் தெரிவை ஏற்கிறீர்களா?”

பாருங்கள், இரண்டாம்முறை கேட்டேவிட்டார்கள். அவருடைய கைகள் பழைய பழக்கத்தில் நெஞ்சுக்கு நேரே எழும்பத் தொடங்கின. அவற்றை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

“யா,” என்றார்.

புதிர்ப் படப் பெட்டிகளின் கட்டை அவிழ்த்தார்கள். பிரபாலினி மேசைக்குப் பின்னாலிருந்து, அங்கத்தவர் விசயத்தில் வாய் வைக்காமல், பெருவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். தவராஜா முதல் வேலையாக அன்றைய கூட்டக் குறிப்பை எழுதினார். ‘சபையின் வற்புறுத்தலுக்கு’ என்று தொடங்கப் பேனை போனது. நிறுத்தி, ‘தன் விருப்பத்தைத் தெரிவித்தார், ஏகமனதாகத் தெரிவானார்’ என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்தபோது திரேசா குசினியில் நின்றார்.

“தேத்தண்ணி போடவோ?”

“ஓம், போடும். பசிக்குது, ஏதும் இருந்தாலும் தாரும்.”

திரேசா திரும்பி அவரைப் பார்த்துவிட்டுப் பாணை வெட்ட எடுத்தார். தவராஜாவுக்கு வாய் ஓயவில்லை. கையை உயர்த்தியதையும் ரெகுலா சொன்னதையும் நடித்தே காட்டினார். “என்ன சனமப்பா. ஒருக்கா வேண்டாம் எண்டா அப்பிடியே விட்டிடுவாங்கள். மனசுக்குள்ள என்ன கிடக்கு எண்டு இன்னொருக்காக் கேக்கத் தெரியாது.”

திரேசா தேநீரை அவர் முன்னால் வைத்தார். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு எதிரே இருந்தார். சுவரில் அவருடைய காலஞ்சென்ற அம்மாவின் படம், அதன்கீழ் சின்ன மெழுகுதிரி.

“உங்களுக்கும் தெரியாது,” என்றார்.

“என்ன?”

“அம்மா படுக்கையில கிடக்கேக்கை கேட்டனீங்கள், ஊருக்குப் போய்ப் பாத்திட்டு வாறீரோ எண்டு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினை, வேண்டாம் எண்டனான். நீங்கள் சரியெண்டு குளிக்கப் போட்டீங்கள். நான் நீங்கள் குளிச்சு முடிச்சு வருமட்டும் அந்தக் கதவடியில நிண்டனான். வந்து திரும்பக் கேப்பீங்கள் எண்டு.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தவராஜாவைக் கொன்றது. தன் வேண்டாம்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று இந்த மனுசி ஒவ்வொரு நாளும் கேத்திலைப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுடைய வேண்டாம்களை அவர் ஒரு சுவிஸ்காரனைப்போல மதித்துவிட்டுப் போயிருக்கிறார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“இஞ்சேரும்,” என்றார் கடைசியில். “இந்தக் கோடைக்கு ஊருக்கு, இளவாலைக்குப் போவமோ? சேமக்காலையில, அம்மான்ர கல்லறையடியில ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவம்.”

“சும்மா இருங்கோ. இனிப் போய் என்ன? வேண்டாம்.”

திரேசா எழுந்து கோப்பைகளை எடுக்கப் போனார். தவராஜா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“திரேசா,” என்றார். “போவமோ?”